ஃபேனுக்கு வச்ச பொட்டு

அதுங்களா? அது ஃபேனுங்க. ரெண்டும் கரண்ட் ஃபேன். வண்டி பாக்க வர்றவங்க எல்லாரும் டயரைத் தட்டிப் பாப்பாங்க, சேஸ்ல துரு இருக்குதான்னு குனிஞ்சு பாப்பாங்க, அப்பறம் முன்னாடி வந்து கிரில்லைத் திறந்ததும் இப்படித்தான் நின்னுருவாங்க. காருல இருக்கறது லாரிக்கு எப்படி வந்துச்சுன்னுதான யோசிக்கறீங்க? சொல்றேன். மறைச்சு விக்கற பழக்கம் எனக்கு இல்லீங்க. சங்ககிரியில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, செங்கோடன் பொய் சொல்லி ஒரு போல்ட்டு வித்தான்னு ஒருத்தன் சொல்ல மாட்டான்.

வெயில்ல நிக்காதீங்க, இப்படி மரத்தடிக்கு வாங்க. ருக்குமணி, டீ போடு. சக்கரை போடலாமில்லீங்க? போட்டே கொண்டா.

வண்டி இருபத்தி ரெண்டு வருசமா என் கையிலதான் இருக்குது. மூக்கு வச்ச பழைய மாடல். இப்ப வர்ற வண்டியெல்லாம் மூஞ்சி சப்பையா, சுவத்துல போயி இடிச்சுக்கிட்ட மாதிரி இருக்குது. இதுக்கு பேனட்டைத் தூக்கினா இஞ்சின் முழுசும் தெரியும். பழைய ஃபேன் அங்க உள்ளதாங்க இருந்துச்சு, ரேடியேட்டருக்குப் பின்னால, இஞ்சினோட சேந்தே சுத்தும். ஆறு இறக்கை, நல்ல இரும்பு. அந்தச் செவுத்தோரமா சாச்சு வச்சிருக்கறேன் பாருங்க, அதுதான். அதோட சத்தம் இருக்குதே, காதுக்கு அப்படி ஒரு தைரியம். இஞ்சின் ஓடுனா அது ஓடும், இஞ்சின் நின்னா அது நிக்கும். அவ்வளவுதான் கணக்கு. இருபது வருசத்துல ஒரு நாள் ஏமாத்துனதில்லை.

உடைஞ்சுதுங்க, இல்லைங்கலை. மாசி மாசம், சிமெண்ட் லோடு ஏத்திக்கிட்டுப் போறப்ப ஒரு இறக்கை பிஞ்சு போயி ரேடியேட்டரைக் கிழிச்சுருச்சு. வேற எங்கயாவது தெறிச்சிருந்தா என் முழங்கால் போயிருக்கும்னு மெக்கானிக் சொன்னான். அது ஃபேனோட குத்தம் இல்லீங்க. இருபது வருசம் உழைச்சிருக்குது, இரும்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அந்தச் சமயத்துலதான் எம்மச்சினன் வந்தான். மகுடீஸ்வரன். ருக்குமணியோட தம்பி. பவானி ரோட்டுல சின்னதா ஒரு எலக்ட்ரிக் கடை வச்சிருந்தான், லாரிக்கு லைட்டு, ஹாரன், வயரிங் எல்லாம் பாப்பான். அவங்கம்மா அப்பா சின்ன வயசுலயே போயிட்டாங்க. ருக்குமணிதான் தூக்கி வளத்தா. கட்டிக்கிட்டு வந்தப்பவே இவளோட சீர்ல அவனும் ஒரு சாமான் மாதிரி எங்க வீட்டுக்கு வந்துட்டான். பதினாறு வருசம் என் சோத்தைத் தின்னவன். சொல்லிக் காட்டறேன்னு நினைக்காதீங்க, இருக்கறதைச் சொல்றேன்.

வந்தவன் என்ன சொன்னான்? "மாமா, பழைய ஃபேன் எந்நேரமும் இஞ்சினை இழுத்துக்கிட்டே ஓடுது. பாதி நேரம் அது தேவையே இல்லை. கரண்ட் ஃபேன் ரெண்டு மாட்டிட்டா, சூடு ஏறுனாத்தான் ஓடும், இறங்குனா தானா நின்னுக்கும். டீசல் மிச்சம், இஞ்சினுக்கும் பாரம் கம்மி"ன்னான். ரேடியேட்டருக்கு முன்னாடி இந்த ரெண்டையும் மாட்டுனான். இங்க ஒரு கம்பி வலை இருந்துச்சுங்க, நாலு போல்ட்டு போட்டு, ரெண்டு ஃபேனையும் மூடுன மாதிரி. அதுவும் அவன் அடிச்சதுதான். ரெண்டு நாள் உக்காந்து வளைச்சு வளைச்சு அடிச்சான். எனக்கு அப்பவே புடிக்கலை. வண்டி மூஞ்சியில கோழிக்கூண்டு மாட்டுன மாதிரி இருந்துச்சு.

எல்லாம் முடிச்சுட்டு என்னைக் கூப்புட்டு வச்சு ஒரு பாடம் எடுத்தான். "மாமா, வண்டிய நிறுத்துனதுக்கு அப்பறந்தான் சூடு இன்னும் கொஞ்சம் ஏறும். அதனால சாவிய எடுத்தாலும் இது ஓடும். நின்னுட்டு இருக்கறது திடீர்னு கிளம்பும். கேபின்ல ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் சிவப்பு சுவிட்ச் வச்சிருக்கறேன், அதை அணைக்காம கிரில்லைத் திறக்காதீங்க"ன்னான். நான் லோடு விசயமா போன்ல பேசிக்கிட்டு இருந்தேன். சரி சரின்னு தலையாட்டுனேன். முப்பது வருசமா லாரி ஓட்டறவனுக்கு, நான் டவுசர் மாட்டி விட்ட பையன் சொல்லிக் குடுக்கறான் பாருங்க.

டீ வர்ற வரைக்கும் ஏன் சும்மா உக்காந்திருக்கணும்? வாங்க, ஓட்டிப் பாத்துக்கிட்டே பேசலாம். நீங்களே ஓட்டுங்க. ஏறுங்க.

ம், எடுங்க. ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும், வலது பக்கமா ஒரு அழுத்து அழுத்துனீங்கன்னா விழுந்துரும். அவ்வளவுதான். நேரா போயி மேம்பாலம் ஏறி இறங்கித் திரும்பலாம்.

உண்மையைச் சொல்லணுமில்லீங்க? ஃபேன் நல்லாத்தான் ஓடுச்சு. தொப்பூர் ஏத்தத்துல சித்திரை வெயில்ல கூட சூடு காட்டற முள்ளு பாதிக்கு மேல போகலை. ஓரமா பத்து வண்டி பேனட்டைத் தூக்கிக்கிட்டு ஆவி விட்டுக்கிட்டு நிக்கும், நான் பாட்டுக்கு ஏறிப் போவேன். மேல டீக்கடையில டிரைவருங்க சுத்திக்குவாங்க. "யாருங்க போட்டது, யாரோட ஐடியா"ன்னு கேப்பாங்க. என் ஐடியாதான்னு சொல்லுவேன். எலக்ட்ரிக் வேலையை மச்சினன் பாத்தான், அவ்வளவுதான். யோசனை வண்டிக்காரனோடதுதான?

ஆனா மனசுக்குள்ள ஒரு இது. பழைய ஃபேன் சத்தம் இல்லாம வண்டி மூச்சு விடாத மாதிரியே இருக்கும். அதை விடுங்க, ஊருக்குள்ள பேச்சு மாறிப் போச்சு. முன்னெல்லாம் செங்கோடன் வண்டிம்பாங்க. இப்ப மகுடு ஃபேன் போட்ட வண்டிங்கறாங்க. ஆறே மாசத்துல ஏழெட்டு லாரிக்காரனுங்க அவன் கடை முன்னாடி நிக்கறானுங்க. போறப்ப வர்றப்ப எனக்கும் ஒரு சலாம் வைப்பானுங்க, "உங்க மச்சினன் கெட்டிக்காரனுங்க"ன்னு. சிரிச்சு வைப்பேன். வேற என்ன பண்றது.

ரயில்வே கேட்டு போட்டுட்டாங்களா? சரி நிக்கட்டும். இஞ்சினை அணைக்க வேண்டாங்க, ஓடட்டும். இல்லை, சும்மாதான். பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்குது, அணைச்சா மறுபடி எடுக்க ஒருத்தர் தள்ளணும். அது ஒண்ணும் பெரிய விசயமில்லை, சார்ஜ் போட்டாச் சரியாயிரும். கேக்குதுங்களா, முன்னாடி ர்ர்ருன்னு? அதுதான் ஃபேன்.

ஆயுத பூசை அன்னைக்கு நடந்ததைச் சொல்லணும். நம்ம பக்கம் லாரி வச்சிருக்கறவனுக்கு அதுதான தீவாளி. அந்த வருசம் சனிக்கிழமை வந்துச்சு. ஒன்பது மணிக்கு ராகு காலம். அதுக்குள்ள பூசையை முடிக்கணும். வெடியால எந்திரிச்சு வண்டியக் கொண்டு போயி வாட்டர் சர்வீஸ் பண்ணி, அப்படியே பிள்ளையார் கோயிலுக்கு ஓட்டிட்டுப் போயி, அங்க கூட்டம், வரிசையில முக்கால் மணி நேரம் ஸ்டார்ட்லயே நின்னு, வாசலுக்கு வந்து சேர எட்டே முக்கால். அவசர அவசரமா வாழைக்கன்னு கட்டுனோம். நான் தேங்காய் பூசணிக்காயெல்லாம் எடுத்து வைக்கறேன், ருக்குமணி சந்தனம் குங்குமக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வந்துட்டா.

வண்டிக்குப் பொட்டு வைக்கறது அவதான். வாங்குன நாள்ல இருந்து அவ கைதான். ராசியான கைங்க, அதைச் சொல்லணும். ஸ்டியரிங், பேட்டரி, டயரு, டீசல் டேங்கு, ஒண்ணு விடாம வைப்பா. கடைசியா பேனட்டைத் தூக்கி ஃபேனுக்கு வைப்பா. ஒரு இறக்கைக்கு ஒரு பொட்டு, கையால மெதுவா சுத்தி விட்டு அடுத்த இறக்கைக்கு ஒரு பொட்டு, இப்படி ஆறும். அப்பறம் நான் ஸ்டார்ட் பண்ணுவேன். ஃபேன் சுத்துன வேகத்துல குங்குமம் தூளாப் பறந்து ரேடியேட்டர் முழுக்கச் செவப்பாப் படியும். அப்படிப் படிஞ்சாத்தான் வருசம் நல்லா ஓடும்னு எங்களுக்கு ஒரு நம்பிக்கை.

அன்னைக்கு அவ கிரில்லைத் திறந்தா, வலை இருந்துச்சு. வலை மேலயே நடுவுல பெருசா ஒரு பொட்டை வச்சிட்டு, கிண்ணத்தோட திரும்பிட்டா. எனக்குச் சுள்ளுன்னு வந்துருச்சு. வலைக்குப் பொட்டு வச்சா சாமி ஏத்துக்குமா? வீட்டுக்கு வந்தவனுக்கு வைக்கச் சொன்னா வாசக் கதவுக்கு வச்சிட்டுப் போன மாதிரி. மணி எட்டு அம்பது. ஸ்பேனரை எடுத்தேன், நாலு போல்ட்டையும் கழட்டுனேன், வலையப் புடுங்கி அந்த முள்ளு வேலிப் பக்கம் வீசுனேன். "இப்ப வை, ரெண்டு ஃபேனுக்கும், எல்லா இறக்கைக்கும்"னேன்.

அவ கைய நீட்டிப் பாத்தா. "அனல் அடிக்குதுங்க, கொஞ்சம் ஆறட்டுமே"ன்னா. "ராகு காலம் ஆறுமா? இஞ்சின் ஆஃப்லதான இருக்குது, வை கைய"ன்னேன்.

ஒரு இறக்கைக்கு வச்சா. சுத்தி விட்டா. ரெண்டாவதுக்கு வச்சா. மூணாவதுக்குக் கையக் கொண்டு போறா, கிளம்பிருச்சுங்க.

சத்தம் போடலை அவ. அதுதான் எனக்கு இன்னும் புரியலை. கிண்ணம் விழுந்த சத்தம்தான் கேட்டுச்சு. குங்குமம்தான் கொட்டிருச்சுன்னு நினைச்சேன். கிட்டப் போயி, நல்ல நாளும் அதுவுமா கொட்டிட்டியேன்னு ஒரு அதட்டு அதட்டுனதுக்கு அப்பறந்தான் பாத்தேன், அது எல்லாம் குங்குமம் இல்லை.

கேட்டு திறந்துட்டாங்க, போங்க. பாத்துப் போங்க, லைன் தூக்கியடிக்கும்.

வலது கையில ஆள்காட்டி விரலும் நடு விரலும். ரெண்டாவது கணு வரைக்கும் போச்சு. ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். ஒட்ட வைக்க முடியாதுன்னுட்டாங்க. பக்கத்து வீட்டுத் தறிக்கு இழை முடிய அவதான் போவா. அறுந்த நூலை அவ முடிச்சா முடிச்சே தெரியாதும்பாங்க. அது போச்சு. இனி வேலைக்கெல்லாம் போக வேண்டாம், வீட்டுல இருன்னு சொல்லிட்டேன். நான் என்னங்க கொறை வச்சேன் அவளுக்கு.

டாக்டர் எப்படி ஆச்சுன்னு கேட்டாரு. நான் வாயத் திறக்கறதுக்குள்ள அவ சொல்றா, "நாந்தானுங்க பாக்காம கைய வச்சிட்டேன்"னு. பாத்தீங்களா? அரை மயக்கத்துல கிடக்கறா, அப்பவும் தம்பியக் காப்பாத்தணும்னு தோணுது. மாட்டுனவன் பேரைச் சொல்ல நாக்கு வரலை.

அவன் வந்தான். வராண்டாவுல நின்னு அழுதான். நான் விடலைங்க. அத்தனை பேரு முன்னாடி சட்டையப் புடிச்சேன். உன்னால எம் பொண்டாட்டி கை போச்சுன்னேன். சோறு போட்ட கைய வெட்டிட்டியேடான்னேன். அவன் ஒரே ஒரு வார்த்தை கேட்டான், "மாமா, வலை எங்க போச்சு?"ன்னு. அவ்வளவு திமிரு. அக்கா உள்ள துடிக்கறா, அவனுக்கு அவன் அடிச்ச வலைதான் பெருசாப் போச்சு. விட்டேன் ஒரு அறை.

நான் ஊரு பூராம் சொல்லிட்டேன், இன்னொருத்தன் பொண்டாட்டிக்கு இப்படி ஆயிரக் கூடாதுன்னு. ஒரு லாரிக்காரன் அவன் கடைப் பக்கம் போகலை. மூணு மாசத்துல கடைய மூடிட்டு திருப்பூருக்கு எங்கயோ கம்பெனி வேலைக்குப் போயிட்டான். போனா போகட்டும். செஞ்சதுக்கு அனுபவிக்கணுமில்லீங்க?

தை மாசம் அவனுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்துச்சு, பிரிக்கவே இல்லை. நம்ம சாதியில இணைச்சீர் செய்யாம மாப்பிள்ளை மணமேடை ஏற முடியாதே, அதுக்குக் கூடப் பொறந்தவ வேணுமே. அவனுக்கு இவ ஒருத்திதான் கூடப் பொறந்தது. நான் போகக் கூடாதுன்னுட்டேன். அந்தக் கையோட போயி நின்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கன்னு அவளுக்காகத்தான் சொன்னேன். சரின்னுட்டா. யாரோ பெரியப்பா மகளை நிக்க வச்சுச் சீர் செஞ்சாங்களாம். அன்னைக்குப் பூராம் இவ பட்டுப் புடவையக் கட்டிக்கிட்டு, தலைக்குப் பூ வச்சுக்கிட்டு, சமையக்கட்டுல உக்காந்திருந்தா. சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தா. பச்சைத் தண்ணி குடிக்கலை. அதெல்லாம் என்ன அழிச்சாட்டியம்னு நான் கேக்கலை.

ரெண்டு வருசமா வண்டி முன்னாடி அவ நடக்கறதில்லைங்க. வாசக் கேட்டுக்குப் போகணும்னாலும் பின்னாடி சுத்திக்கிட்டுத்தான் போவா. ஆயுத பூசைக்கு நானே பொட்டு வைக்கறேன், அது பொட்டு மாதிரியா இருக்குது. கண்ணுல படப் படத்தான அவளுக்கும் அந்த நினைப்பு வருது? அதனாலதான் விக்கறேன். வேற ஒரு கோளாறும் வண்டியில இல்லை.

வந்துட்டோம். மரத்தடியிலயே நிறுத்துங்க. அணைச்சுருங்க, அணைச்சுருங்க, இங்க தள்ள ஆளு இருக்குது. எப்படி, வெண்ணெய் மாதிரி போகுதில்லீங்க?

இறங்குங்க. எங்க, ஃபேனைப் பாக்கணுங்களா? பாருங்க, நல்லாப் பாருங்க. இறக்கை ஆட்டம் இருக்குதான்னு கையால ஆட்டிப் பாத்துக்கங்க, அப்பறம் செங்கோடன் சொல்லலைன்னு வரக் கூடாது. என்ன யோசிக்கறீங்க? பயந்துக்கிட்டீங்களா? அட, இஞ்சின் ஆஃப்லதான இருக்குது, வைங்க கைய.

ஏய் ருக்குமணி, டீயக் கீழ வச்சிட்டு எங்க ஓடி வர்ற? ஏய்...

பாத்தீங்களா. பாத்தீங்களா எப்படிக் கிளம்புச்சுன்னு? ஒரு விரக்கடைதான் இருந்துச்சு உங்க கைக்கும் அதுக்கும். அவ மட்டும் வந்து மணிக்கட்டைப் புடிச்சு இழுக்கலைன்னா இன்னேரம் என்ன ஆயிருக்கும். இதைத்தானுங்க இவ்வளவு நேரமா உங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன். இதுதான் அவன் மாட்டுன லட்சணம். நல்லாப் பாத்துக்கங்க.

உக்காருங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க. அவ எங்க, கேபின்ல ஏறியிருக்கறாளா? அங்க என்ன வேலை அவளுக்கு? ஓ, சுவிட்ச். நின்னுருச்சு பாருங்க. அவளுக்கு அந்தச் சுவிட்ச் இருக்கற எடம் எப்படித் தெரியும்னு தெரியலை. நான் சொன்னதில்லை.

ஏன்டி, உள்ள எங்க போற? வந்தவருக்கு டீயை எடுத்துக் குடுத்துட்டுப் போ.

என்னது அது, கோணியில சுத்தி... அதையா? அதை நான் அன்னைக்கே வேலியில வீசிட்டனே. எப்ப எடுத்து வச்ச? எங்க வச்சிருந்த?

பாத்தீங்களா, என்னை விட்டுட்டு உங்ககிட்டப் பேசறா. என்ன சொல்றா? "அண்ணா, வண்டி நல்ல வண்டிங்க, தயங்காம எடுத்துக்கங்க. சுவிட்ச அணைச்சிட்டுத்தான் கிரில்லைத் திறக்கணும். இந்த வலைய மாட்டிட்டு ஓட்டுங்க, உங்க வீட்டுல யாரு பொட்டு வச்சாலும் இது மேலயே வைக்கச் சொல்லுங்க." ரெண்டு வருசத்துல இவ இத்தனை வார்த்தை சேந்தாப்புல பேசி நான் கேட்டதில்லைங்க.

நாலு போல்ட்டும் வச்சிருக்கறா பாருங்க, ஒரு துணியில முடிஞ்சு. துரு ஏறாம எண்ணெய் போட்டுத் தொடைச்சு வச்சிருக்கறா. நடுவுல அந்தப் பொட்டைப் பாருங்க, அன்னைக்கு வச்சது. மத்த எடமெல்லாம் தொடைச்சிருக்கறா, அதை மட்டும் தொடைக்கலை.

எதுக்குங்க அதை அப்படியே வச்சிருக்கறா? தம்பி அடிச்ச வலைன்னுதான், வேற என்ன இருக்கப் போகுது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க, ரெண்டு வருசமா ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? டீ இன்னும் குடிக்கலை. வண்டிய எடுத்துக்கறீங்களா இல்லையா, அதைச் சொல்லிட்டுப் போங்க.